இரண்டாயிரம் பைட்டில் ஆடுபுலி

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு மாடியறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டவை மூன்று டிவிகள். பின்பக்கம் பெருத்த, 14 அங்குல பிக்சர் டியூப் டிவிகள். 2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த ரகம். அவற்றில் ஒன்றின் கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளாக ஆடுபுலி ஆட்டக் கட்டம் ஒளிர்ந்தது. மூன்று புலிகள் நின்றன. ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. நான் பார்க்கப் போனவர் தரையில் சம்மணமிட்டு, நைந்துபோன ஜாய்ஸ்டிக்கைக் கையில் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்.

ஓ.எம்.ஆர். சாலையில் இருக்கும் ஒரு கேம் நிறுவனத்தில் பத்து வருடங்களுக்கு மேலாகப் புரோகிராமர் அவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வார நாட்களில் செல்போன் விளையாட்டுகளுக்கு நிரல் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஆடுபுலியை, 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவிக்காக எழுதுகிறார். அந்தப் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. அதன் நகல்கள் தெரியும். தொண்ணூறுகளில் சென்னையின் பர்மா பஜாரிலும் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் வாங்கி, கேசட் செருகி மாரியோவும் கான்ட்ராவும் ஆடிய ‘டிவி கேம்’ பெட்டிகள்தாம் அவை. உலகம் முழுக்க இப்படிப் பழைய கருவிகளுக்குத் தாமாகவே புதிய விளையாட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹோம்ப்ரூ என்கிறார்கள். ஜெர்மனியின் மார்ஃப்கேட் கேம்ஸ் 2019இல் வெளியிட்ட ‘மைக்ரோ மேஜஸ்’ நான்கு பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டு. அதன் மொத்த அளவு 40 கிலோபைட். 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ பிடித்த இடமும் அதுதான்.

இதைப் பழைய நினைவுகளின் ஏக்கம் என்று எழுதிவிடுவது எளிது. அவர் அருகில் உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலுவலகத்தில் அவர் பங்கு என்ன என்று கேட்டேன். ஒரு விளையாட்டில் பரிசுப்பெட்டி திறக்கும் திரை, அதற்கும் சர்வருக்கும் இடையிலான பேச்சு. ஒன்றரை வருடமாக அதுதான். படம் வரைபவர்கள் வேறு குழு, ஒலி வேறு ஊர், விதிகளைத் தீர்மானிப்பவர்களை அவர் வீடியோ கூட்டங்களில் மட்டுமே பார்த்திருக்கிறார்.

“தப்பான வேலை இல்ல சார். அங்க கத்துக்கிட்ட ஒழுங்கெல்லாம்தான் இங்க கை கொடுக்குது. ஆனா அங்க எனக்கு ஒரு துண்டுதான். இங்க கோடு, படம், மெட்டு, விதி எல்லாமே என் கையில. ஒரு சத்தம் ஏன் அந்த இடத்துல வருதுன்னு வரைக்கும் எனக்குத் தெரியும்.”

முழுமையாக ஒன்றைச் செய்யும் பசி என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். கூலிக்குச் செய்யும் வேலை துண்டாகிவிட்ட எல்லாத் தொழிலிலும் இந்தப் பசி இருக்கிறது.

ஃபேமிகாம் கருவியின் நினைவகம் 2048 பைட். காலையில் யாரோ அனுப்பும் ஒரு ‘குட் மார்னிங்’ படம் இதைப்போல் ஐம்பது மடங்கு இடம் பிடிக்கும். பெருக்கல், வகுத்தல் கட்டளைகள் கிடையாது. கணக்கு என்று வந்தால் கூட்டவும் கழிக்கவும் பிட்டுகளை இடம் நகர்த்தவும் மட்டும் முடியும். ஆடுபுலி ஆட்டத்துக்கு 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஒரு புள்ளியில் ஆடா, புலியா, வெறுமையா என்று சொல்ல இரண்டு பிட் போதும். முழுப் பலகையையும் 6 பைட்டில் அடக்கிவிடலாம். அவர் அடக்கவில்லை. புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 23 பைட் செலவழித்திருக்கிறார். பிட்டுகளைப் பிரித்தெடுக்க ஆகும் நேரம்தான் காரணம். புலியாகக் கருவியே ஆடும்போது நூற்றுக்கணக்கான நகர்வுகளைப் பார்த்துத் தள்ள வேண்டும். அங்கே இடத்தைவிட நேரம் அருமையானது. புலி எந்தப் புள்ளியிலிருந்து எந்த ஆட்டைத் தாண்டி எங்கே போய் விழலாம் என்பதை முன்கூட்டியே அட்டவணையாக எழுதி கேசட்டில் வைத்துவிட்டார். அந்த அட்டவணையைக் காகிதத்தில் பென்சிலால் போட்டிருந்தார். பல இடங்களில் அழித்து எழுதிய அந்தத் தாளைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புலி யோசிக்கும் நேரத்திலும் இசை தடுமாறாது. திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் யோசனையை நிறுத்திவைத்து, இசையை ஒரு படி நகர்த்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது நிரல்.

எல்லாவற்றையும்விட அவரை வாட்டியது தமிழ் எழுத்து. இந்தக் கருவியில் எழுத்துரு என்று எதுவும் இல்லை. திரையில் வருவது எல்லாமே எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்கள். பின்னணிக்கு அப்படி 256 சதுரங்கள் கிடைக்கும். பலகை, கோடுகள், தலைப்புத் திரையின் படம், எழுத்து எல்லாம் அதற்குள். ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் சதுரத்துக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும். ‘ணூ’வை எட்டுப் புள்ளி அகலத்தில் எழுதிப் பாருங்கள், எதுவும் மிஞ்சாது. நான்கு சதுரம் சேர்த்தால்தான் படிக்கும்படி வருகிறது.

அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். உயிரெழுத்து 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, புள்ளி வைத்தவை 18, இகர ஈகார வரிசை 36, உகர ஊகார வரிசை 36, தனியே நிற்கும் துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி 4. மொத்தம் 125 வடிவங்கள். நான்கால் பெருக்கினால் 500 சதுரம். இருப்பது 256.

1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளை மாற்றியது. ‘லை’யும் ‘ணா’வும் தனி வடிவங்களாக இருந்த காலம் அதோடு முடிந்தது. அச்சுக்கோப்பவர்களுக்கு அதில் கிடைத்த வசதியை நான் படித்திருக்கிறேன். அது ஒரு டிவி கேம் கேசட்டுக்குள் இத்தனை சதுரங்களை மிச்சம் பிடித்துத் தரும் என்பதை இந்த மாடியறையில்தான் கண்டேன். அப்படியும் போதாது. ‘ற’வுக்கும் ‘ற்’றுக்கும் கீழ்ப்பாதி ஒன்றே என்பதால் அதைப் பொதுவாக வைத்தார். ‘ண’, ‘ன’ இரண்டுக்கும் வலப்பாதியை ஒன்றாக்கினார். பிறகு விளையாட்டில் வரும் சொற்களையே குறைத்தார். ‘புலி வென்றது’ என்று இருந்தது ‘புலி வெற்றி’ ஆனது. ஆடு ஜெயித்தால் புதிதாக வேண்டியவை ‘ஆ’, ‘டு’ இரண்டும்தான். மீதி ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு சொல்லுக்கு இத்தனை எடை போட்டு எழுதுகிறவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையையும் சமையலையும் விளையாட்டாக்கி அடுத்த ஆண்டு பாஃப்டா விருது வாங்கியது. அதைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். இன்றைய கருவிகளில் தமிழைக் கொண்டுவரலாம், கொண்டுவந்துவிட்டார்கள். 1983ஆம் ஆண்டுக் கருவியிலும் அது நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை.

செங்கல்பட்டில் அவர் டிவிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கின் கடைக்கும் அவரோடு போனேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்து. ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள சிறிய கடை அது. முன்பக்கம் மிக்ஸியும் மின்விசிறியும், உள்ளே அடுக்கடுக்காகப் பிக்சர் டியூப் டிவிகள்.

“கெபாசிட்டர் போனா மாத்திரலாம் தம்பி, டியூபு போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது” என்றார் மெக்கானிக். கடற்கரையிலிருந்து வரும் பெட்டிகள் என்றால் அவருக்குத் திறந்ததுமே தெரியும். உப்புக்காற்றில் பலகையின் செப்புத் தடங்கள் பச்சை பூத்திருக்கும். கேசட்டின் தகட்டு முனைகளும் அப்படித்தான். சிறுவயதில் நாம் எல்லோரும் கேசட்டை வாயால் ஊதிவிட்டுச் செருகினோம். அந்த ஈரமும் தகட்டை அரிக்கும். அழிரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும் என்று செய்து காட்டினார்.

இத்தனை சிரமப்பட்டுப் பழைய டிவி எதற்கு? கம்ப்யூட்டரிலேயே ஃபேமிகாம் போல நடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன; முதலில் அதில்தான் ஓட்டிப் பார்க்கிறார். ஆனால் அதில் பலகையின் சாய்கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. டிவியில் போட்டதும் ஒற்றைப் புள்ளி அகலக் கோடுகளின் ஓரத்தில் நிறம் கசிந்தது. கோடுகளை இரண்டு புள்ளி அகலமாக்கினார். அடுத்த சிக்கல் வேகம். ஜப்பான், அமெரிக்க டிவிகளின் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, நம் ஊர் டிவியில் 50 முறை. ஒரு சுரத்துக்கு இத்தனை திரை என்று கணக்கு வைத்து எழுதிய மெட்டு இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். விளையாட்டு தொடங்கியதும் ஒரு திரைக்கும் அடுத்த திரைக்கும் இடையில் எவ்வளவு எண்ண முடிகிறது என்று நிரலே எண்ணிப் பார்த்து, எந்த ஊர்ப் பெட்டிக்குள் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது.

மூன்றாவது சிக்கலை அவரால் காதால் மட்டுமே பிடிக்க முடிந்தது. நகல் பெட்டிகள் சிலவற்றின் சில்லில் ஒலி அலையின் இரண்டு வடிவங்கள் இடம் மாறியிருக்கும். சுருதி சரியாக இருக்கும், குரல் வேறாக இருக்கும். மெக்கானிக் கடையில் இருந்த ஒரு நகலில் கேசட்டைச் செருகிக் கேட்டபோது, கூர்மையாக வர வேண்டிய புலியின் ஒலி தடித்து வந்தது. எதில் போட்டாலும் பிழையாகத் தோன்றாத மூன்றாவது அலைவடிவத்துக்கு அந்த ஒலியை மாற்றினார். நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடிய பெட்டி நகல்தான். அதில் சரியாக ஒலிப்பதே தனக்கு முதல் கடமை என்றார். கடமை என்ற அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

ஏன் ஆடுபுலி? 2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் இதே பூஞ்சேரியில் நடந்தது. ஊர் முழுக்கச் சதுரங்கக் கட்டங்கள் வரைந்திருந்த அந்த நாட்களில், பக்கத்துச் சிற்பப் பட்டறையில் மதிய வேளையில் கல்பலகை மேல் சாக்பீஸால் கோடு போட்டுத் தொழிலாளிகள் ஆடிக்கொண்டிருந்தது ஆடுபுலி. அங்கே போய் உட்கார்ந்துதான் விதிகளைக் கற்றுக்கொண்டார்.

மாலையில் அந்தப் பட்டறைக்கு டிவியைத் தூக்கிக்கொண்டு போனோம். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியில் படித்தவர் பட்டறைக்காரர். வெளியூர்க் கோயிலுக்குப் போக வேண்டிய விநாயகர் சிலை அரைகுறையாக நின்றது. கட்டிங் மெஷின் வந்த பிறகு கல்லைக் கழிப்பது ஒருவர், உருவம் எடுப்பது ஒருவர், மெருகு இன்னொருவர் என்று வேலை பிரிந்துவிட்டது என்றார். மிஞ்சிய கற்களில் தனக்காக மட்டும் சிறு விலங்குகள் செதுக்கி வைத்திருந்தார். அவற்றில் வேறு யார் உளியும் பட்டதில்லை.

முதல் ஆட்டத்திலேயே ஒரு தொழிலாளி ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டார். “எங்க ஊர் வழக்கம் இது இல்லீங்க. எல்லா ஆடும் இறங்கி முடியற வரைக்கும் புலி வெட்டக் கூடாது.” திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர் அவர். இன்னொருவர் மறுத்தார். விதியை மாற்ற ஒரு பிட் போதும். ஆனால் எதை விரும்புகிறீர்கள் என்று கேட்க ஒரு வரி வேண்டும், அதற்கு எழுத்துகள் வேண்டும். நான்கு சதுரங்கள்தான் மிச்சம் என்று புரோகிராமர் சொன்னார். தலைப்புத் திரையில் இருக்கும் கடற்கரைக் கோயில் படத்திலிருந்து அலைகளை எடுத்துவிடலாமா என்று யோசித்தார்.

“கடல் இல்லாம கடற்கரைக் கோயிலா?” என்றார் பட்டறைக்காரர். “விமானத்துக்கு வலமும் இடமும் ஒண்ணுதானே தம்பி. பாதியை வெச்சு மறுபாதிய எடுக்க முடியாதா?”

பின்னணிச் சதுரங்களைத் திருப்பிப் போட இந்தக் கருவியால் முடியாது. நகரும் உருவங்களைத் திருப்ப முடியும். ஒரே வரியில் எட்டு வரை காட்டலாம். தலைப்புத் திரையில் ஆடுகளும் புலிகளும் வருவதில்லை, ஆகவே நகரும் உருவங்கள் அத்தனையும் சும்மா இருக்கின்றன. பெரிய விமானத்தின் வலப்பாதியைப் பின்னணியிலிருந்து நீக்கி, இடப்பாதியின் சதுரங்களையே நகரும் உருவங்களாக எடுத்துத் திருப்பி அதே இடத்தில் நிறுத்தினால் போதும். அங்கேயே மடிக்கணினியைத் திறந்து எழுத ஆரம்பித்தார். கிடைத்த சதுரங்களில் ‘வெட்டு: உடனே, பிறகு’ என்று ஒரு வரி எழுத முடிந்தது. ‘வெ’யும் ‘டு’வும் ஏற்கெனவே இருந்தன. திருவண்ணாமலைக்காரர் ‘பிறகு’ என்பதைத் தேர்ந்தெடுத்து முதல் ஆட்டை இறக்கினார். அவரை எதிர்த்து ஆடும் புலி இன்னும் உடனே வெட்டும் விதிக்கேற்பத்தான் யோசிக்கிறது. அந்தப் பகுதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திருத்தி எழுத வேண்டும் என்றார்.