மூத்தம்மாவின் முருங்கையும் மயிர்க்கொட்டிகளும்

மாரி மழை தொடங்கியதும் எங்கள் ஊருக்கு மூன்று விருந்தாளிகள் வருவார்கள். ஒன்று, வளவுக்குள் தேங்கும் வெள்ளம். இரண்டு, அந்த வெள்ளத்தோடு பெருகும் நுளம்பு. மூன்றாவது விருந்தாளிக்கு அழைப்பே தேவையில்லை. முருங்கை மரம் நிற்கும் வளவாகப் பார்த்து, முகவரி தெரிந்தவர் போல வந்து சேரும். அதுதான் மயிர்க்கொட்டி.

அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தேள் கொட்டும், குளவி கொட்டும். கொட்டுவதற்கென்றே அவற்றுக்குக் கொடுக்கு இருக்கிறது. மயிர்க்கொட்டிக்குக் கொடுக்கு இல்லை. அது மயிரால் கொட்டுகிறது. விலங்கியல் படிக்காத நம் முன்னோர் எவ்வளவு சரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! அந்தப் பெயரின் பொருளைக் கடந்த மாரியில் என் கழுத்து படித்தது. என் தம்பியின் கண்ணும் படித்தது.

எங்கள் வீடு அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊரொன்றில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது மூத்தம்மாவின் பழைய வீடு அள்ளுண்டு போனது. நான் அப்போது பிறந்திருக்கவில்லை. இந்த வளவுக்குக் குடிவந்தபோது மூத்தம்மா கொண்டுவந்த சாமான்கள் ஒரு பாயும், தன் தங்கச்சி வீட்டு வேலியில் வெட்டிய ஒரு முருங்கைத் தடியும்தான் என்று உம்மா சொல்வார். மணல் தரையில் வேறெதுவும் வேர் பிடிக்க முன்னர் அந்தத் தடி வேர் பிடித்தது. இன்று அது கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கிறது. இலையைச் சுண்டலாக்குவோம், பூவை முட்டையோடு பொரிப்போம், காயை ஆணத்தில் போடுவோம். மிச்சமான காய்களை மூத்தம்மா கட்டுக் கட்டாகக் கட்டிச் சந்திக் கடைக்கு அனுப்புவார். அந்தக் காசு அவரது தலையணை உறைக்குள் சேரும். என் இரசாயனவியல் ரியூஷன் காசில் ஒரு பங்கு அந்த உறைக்குள்ளிருந்துதான் வருகிறது.

கடந்த டிசம்பரில், தவணைப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, என் கழுத்தில் கடி தொடங்கியது. முதலில் வேர்க்குரு என்று நினைத்தோம். மழைக் காலத்தில் வேர்க்குரு எப்படி வரும் என்று உம்மா கேட்டார். பிறகு புதிய சவர்க்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பழைய சவர்க்காரத்துக்கு மாறினோம். வாப்பா பாமசியில் ஒரு கிறீம் வாங்கி வந்தார். எதற்கும் அது அசையவில்லை. காதுக்குக் கீழிருந்து பிடரி வரைக்கும் சிறு சிறு சிவப்புத் தடிப்புகள். இரவில் நித்திரையில்லை. பகலில் இயக்க இரசாயனத்தைப் படிக்க உட்கார்ந்தால், பேனை பிடிக்க வேண்டிய கை கழுத்துக்குப் போய்விடும்.

வகுப்பில் இன்னொரு தொல்லை. பர்தாவின் ஓரத்தில் தெரிந்த சிவப்பைப் பார்த்த ஒரு தோழி, "இது தொத்துமா?" என்று மெதுவாகக் கேட்டாள். கேட்டதில் பிழையில்லை. ஆனால் அடுத்த நாள் அவளுடைய கதிரை ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. கடியைவிட அந்த ஒரு முழம்தான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

உண்மையைக் கண்டுபிடித்தவர் மூத்தம்மா. ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கதவடி வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கழுத்தைப் பார்த்தார்.

"இஞ்ச பாரு உம்மா, பர்தா படுற இடத்தில மட்டும்தான் தடிச்சிரிக்கி. கையில ஒண்டுமில்ல, கால்ல ஒண்டுமில்ல. உடுப்பு காயப் போடுற கொடி எங்க கட்டியிரிக்கி?"

கொடியின் ஒரு நுனி கிணற்றடித் தூணில். மறு நுனி முருங்கை மரத்தில். நாங்கள் மரத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்தோம். வெயில் படாத பக்கத்தில், ஈரச் சாக்கை ஒட்டி வைத்தாற்போல, நூற்றுக்கணக்கான மயிர்க்கொட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. பகலில் இவை அடிமரத்தில் கூட்டமாக ஒடுங்கிக் கிடக்கும். இரவானதும் மேலே ஏறி இலையைத் தின்னும். அவை கழற்றிவிட்ட பழைய தோல்களும் பட்டையில் தொங்கின. காற்றடிக்கும் போதெல்லாம் அந்த மயிர்கள் உதிர்ந்து கொடியில் காய்ந்த என் வெள்ளைப் பர்தாவில் படிந்திருக்கின்றன. ஒரு மயிர்க்கொட்டியைக்கூட நான் தொடவில்லை. ஆனாலும் தினமும் காலையில் அவற்றின் மயிரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போயிருக்கிறேன்.

உயிரியல் மாணவி என்றபடியால் காரணத்தைத் தேடாமல் இருக்க முடியவில்லை. இந்த மயிர்கள் மிக நுண்ணியவை, எளிதில் முறிபவை. தோலில் ஏறியதும் நம் உடல் ஹிஸ்டமின் போன்ற பதார்த்தங்களை வெளிவிடுகிறது. கடியும் சிவப்பும் வீக்கமும் அதனால்தான். கடிக்கிறது என்று தேய்த்தால் மயிர் முறிந்து இன்னும் ஆழமாக இறங்கும், பக்கத்துத் தோலுக்கும் பரவும். செத்த மயிர்க்கொட்டியும், அது விட்டுப்போன தோலும், கூடும்கூட இதே வேலையைச் செய்யும். ஆனால் மயிர் ஒட்டியிருக்கும் உடுப்பைத் தொட்டால் ஒழிய, ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொத்தாது. இதை அந்தத் தோழிக்குச் சொன்னேன். கதிரை பழைய இடத்துக்கு வந்தது.

காரணம் தெரிந்த பிறகு செய்தவை எளிமையானவை. முதலில் செலோடேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, தடித்த இடத்தில் மெதுவாக ஒட்டி எடுத்தோம். ஒவ்வொரு முறையும் புதிய துண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தூசு போலச் சில மயிர்கள் ஒட்டியிருக்கும். அதன் பிறகு சவர்க்காரம் போட்டுத் தேய்க்காமல் கழுவி, துவாயால் துடைக்காமல் ஒற்றி எடுத்தோம். பர்தாக்களையும் தலையணை உறைகளையும் உதறாமல் அப்படியே வாளிக்குள் ஊறப்போட்டு, மற்ற உடுப்புகளோடு சேராமல் தனியாகத் துவைத்தோம். கடி கூடும் நேரத்தில் குளிர்ந்த ஈரத்துணி. பகலில் கலமைன் லோஷன். டொக்டர் சொன்னபடி சில இரவுகளுக்குப் பிரிட்டோன். அது நித்திரையைக் கொண்டுவரும் என்பதால் அந்த நாட்களில் சுபஹுக்குப் பிறகுதான் படித்தேன். மூத்தம்மா சுண்ணாம்பு பூசலாம் என்றார். தோல் வெந்துவிடும் என்று டொக்டர் தடுத்ததும், "டொக்டர் சொன்னா சரிதான்" என்று சுண்ணாம்பை வெற்றிலைத் தட்டத்திலேயே வைத்துவிட்டார்.

இவை எல்லாவற்றிலும் கடினமானது சொறியாமல் இருப்பது. நகத்தை ஒட்ட வெட்டினேன். கை சும்மா இருந்தால் கழுத்துக்குப் போகும் என்பதால், படிக்கும்போது இடது கையில் ஒரு அழிறப்பரைப் பிடித்துக்கொண்டேன். வுழூச் செய்யும்போது முகத்தில் வழியும் குளிர்ந்த தண்ணீர் கழுத்தை எட்டும் அந்த ஒரு நிமிடம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அந்த நாட்களில் அறிந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

வாப்பா மயிர்க்கொட்டிகளை எரிக்க நினைத்தார். எங்கள் பக்கத்தில் வழமையாகச் செய்வதுதான். காய்ந்த தென்னோலையில் சூள் கட்டி, மஹ்ரிபுக்குப் பிறகு அடிமரத்தில் பிடித்தார். மயிர்க்கொட்டிகள் பொரிந்து விழுந்தன. அந்த வெக்கையிலும் புகையிலும் கருகாத மயிர்கள் மேலே பறந்திருக்க வேண்டும். தூரத்தில் நின்று நெருப்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆறு வயதுத் தம்பி, "ராத்தா, என்ட கண்!" என்று கத்தினான்.

அவனுடைய இரண்டு கைகளும் கண்ணை நோக்கிப் போயின. நான் பாய்ந்து இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டேன். அவன் உதைத்தான், அழுதான், என் கையைக் கடித்தான். "கசக்காத தம்பி, கசக்காத" என்பதைத் தவிர என் வாயில் வேறு சொல் வரவில்லை. உம்மா குவளை குவளையாகத் தண்ணீர் வார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க ஓட்டோவில் அவன் கைகள் என் கைக்குள்தான் இருந்தன.

கண் பிரிவிலிருந்த டொக்டர், நாடியை வைத்துப் பார்க்கும் கருவியில் அவனை நீண்ட நேரம் பார்த்தார். இரண்டு மயிர்களை எடுத்தார். இன்னொன்று சற்று ஆழத்தில் இருப்பதாகவும், அது உள்ளே நகர்கிறதா என்று பல வாரங்களுக்குக் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு, "கசக்கியிருந்தால் மற்ற ரெண்டும் இவ்வளவு லேசா வந்திருக்காது. கையைப் பிடிச்சது யார்?" என்று கேட்டார். தம்பி என்னைக் காட்டினான். என் கையில் அவன் பல் பதிந்த அடையாளத்தையும் காட்டினான்.

சிலந்தி வளர்ப்பவர்களுக்கும் இதே கண் நோய் வருவதுண்டு என்று அவர் சொன்னது என் மனதில் ஒட்டிக்கொண்டது. பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த டரன்டுலா என்ற பெரிய சிலந்திகளைப் பலர் செல்லப்பிராணியாக வளர்க்கிறார்கள். பயந்தால் அது பின்னங்காலால் தன் வயிற்றை உரசி, முள் போன்ற மயிர்களைக் காற்றில் பறக்கவிடும். 2009இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 29 வயதான ஒருவர், மூன்று வாரமாகச் சிவந்து நீர் வடிந்த கண்ணோடு வைத்தியரிடம் போனார். கண்ணின் முன்பக்கப் படலத்தில் நுண்ணிய மயிர்கள் குத்தியிருந்தன. தன் சிலந்தியின் கண்ணாடித் தொட்டியை அவர் துப்புரவு செய்தபோது அது வீசிய மயிர்கள் அவை. 2010இல் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில் இந்தச் செய்தி வந்தது.

எங்கள் நாட்டிலும் அந்தக் குடும்பத்துச் சிலந்தி இருக்கிறது. மரப்பொந்துகளில் வாழும் புலிமுகச் சிலந்திதான் அது. ஆனால் அதற்கு அப்படி வீசும் மயிர்கள் இல்லை. கடித்தால் கடுமையாக வலிக்கும், தசை பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. அதைப் பிடித்து வெளிநாட்டுக்கு விற்பதால், 2019இல் அந்தச் சாதி முழுவதையும் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். மயிரைக் கண்டதும் அடித்துக் கொல்லும் எங்கள் ஊரில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

டரன்டுலா பயத்தில் வீசுகிறது. மயிர்க்கொட்டியோ வீசுவதுகூட இல்லை. அது இலையைத் தின்று, தோலைக் கழற்றி, மண்ணுக்குள் போய்க் கூடாகி, ஒருநாள் விட்டிலாகப் பறந்துவிடும். நம்மைக் கொட்ட வேண்டும் என்ற எண்ணம் அதற்கு இல்லை. குத்திய மயிரை ஆழமாக இறக்குவது பெரும்பாலும் நம்முடைய கைதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இரவு வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. வாப்பா மரத்தையே பார்த்துக்கொண்டு திண்ணையில் இருந்தார். மூத்தம்மாவுக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. கடைசியில் மூத்தம்மாவே சொன்னார்.

"மருமகன், புள்ளட கண்ண விட மரம் பெரிசா? விடிஞ்சதும் வெட்டிப் போடுங்க."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். அன்றிரவு அவருடைய தஸ்பீஹ் மணிகளின் சத்தம் வெகுநேரம் கேட்டது.

காலையில் வாப்பா கத்தியோடு போனார். நான் பின்னால் போய், படித்ததைச் சொன்னேன். பகலில் அவை ஒரே இடத்தில் ஒடுங்கிக் கிடக்கும். நெருப்பு வேண்டாம், சவர்க்காரத் தண்ணீரால் நனைத்தால் மயிர் பறக்காது. நனைந்ததும் வழித்தெடுத்துப் புதைத்துவிடலாம். வாப்பா பதில் சொல்லவில்லை. மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு மழைக்கோட்டையும் கையுறையையும் மூக்குக் கண்ணாடியையும் கேட்டார். தம்பியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம். அன்று வாப்பா வெட்டியது கொப்புகளைத்தான். ஆள் உயரத்துக்கு மேலே எல்லாவற்றையும் தறித்து, அடிமரத்தை நனைத்து வழித்தார். கொடியை வளவின் மறுபக்கத்துக்கு மாற்றினார். மொட்டையாக நின்ற மரத்தைத் தடவிப் பார்த்த மூத்தம்மா, "முருங்கைக்கு வெட்ட வெட்டத்தான் உசிர்" என்று மட்டும் சொன்னார்.

தம்பியை ஆறு தடவை கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். ஆழத்திலிருந்த மயிர் நகரவில்லை, கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை என்று கடைசித் தடவை டொக்டர் சொன்னபோது, உம்மா அங்கேயே அழுதுவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். என் கழுத்தில் இப்போது மங்கலான இரண்டு தழும்புகள் மட்டும் இருக்கின்றன. மரம் துளிர்த்து, வைகாசியில் காய்த்தது. தலையணை உறை மீண்டும் கனக்கிறது.

இந்த மாரிக்கு மூத்தம்மா தினமும் லுஹருக்கு முன்னர் அடிமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். நான் என் புத்தகப் பையில் ஒரு செலோடேப் சுருள் வைத்திருக்கிறேன். போன கிழமை அந்தத் தோழி முழங்கைச் சிவப்போடு என்னிடம் ஓடிவந்தாள். அவர்கள் வீட்டு மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு முருங்கை சாய்ந்திருக்கிறதாம். நான் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "முதல்ல கையை எடு, சொறியாத" என்றேன்.