பதின்மூன்றாவது பண்பு

தன்முன்னேற்ற நூல்கள்மீது நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு. நானும் நெடுங்காலம் ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் அவற்றின் அட்டையை மட்டும் வாசித்து நகர்ந்தவன்தான். வள்ளுவர் இருக்க வேறொருவர் எதற்கு என்ற மிதப்பு. நாற்பதைக் கடந்தபின் துறைப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தபோது அந்த மிதப்பு கலைந்தது. இருபது ஆண்டுகளாகப் பொருட்பாலை நடத்தியவனுக்கு, எட்டுப் பேர் மனம் கோணாமல் ஒரு கால அட்டவணை போடத் தெரியவில்லை.

அந்தத் திகைப்பில்தான் டேல் கார்னகி 1936இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலையும், ஸ்டீபன் கோவே 1989இல் எழுதிய ஏழு பழக்கங்கள் பற்றிய நூலையும் வாங்கினேன். ஏளனம் செய்யத்தக்க நூல்களாக அவை எனக்குப் படவில்லை. பிறர் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது பற்றிக் கார்னகி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, எங்கள் துறை மாணவர் அனைவரின் பெயரையும் ஒரு பருவத்துக்குள் மனப்பாடம் செய்தேன். கோவே சொல்லும் ஐந்தாவது பழக்கம் என்னை மேலும் கவர்ந்தது: உன்னைப் பிறர் புரிந்துகொள்ள வேண்டுமென்று முனைவதற்கு முன் பிறரை நீ புரிந்துகொள். பேசுபவரை இடைமறிக்காமல் கேட்கவும், கேட்டதை என் சொற்களில் திருப்பிச் சொல்லவும் பழகினேன். அதில் தேர்ந்துவிட்டதாகவே நம்பினேன்.

எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளராக ஓர் அம்மையார் பணியாற்றினார். கிழமைக்கு நான்கு நாள் கடைசி வகுப்பு அவருக்கே விழுந்திருந்தது. பள்ளி விட்டு வரும் குழந்தையை அழைத்துக்கொள்ள ஆளில்லை என்று என்னிடம் வந்தார். முழுதும் கேட்டேன். அவருடைய சிரமத்தை அவரே வியக்கும்படி திருப்பிச் சொன்னேன். பார்ப்போம் என்றேன். அட்டவணை அப்படியே இருந்தது. மூன்றாம் முறை வந்தபோது, எழுந்து வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “ஐயா, நீங்க ரொம்ப நல்லாக் கேக்கறீங்க. ஆனா எதையும் மாத்த மாட்டேங்கறீங்க.”

எனக்கு வந்தது வெட்கமன்று, சினம். பணி நிரந்தரம்கூட இல்லாதவர் என்னிடம் இப்படிப் பேசலாமா என்று மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை இன்று நினைத்தாலும் கூசுகிறது. இரண்டு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்நாள்களில் வகுப்பில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரம் வந்தது. தவறு கண்டு இடித்துரைப்பார் அருகில் இல்லாத மன்னனைக் கெடுக்கப் பகைவர் வேண்டியதில்லை, அவன் தானே கெடுவான் என்பது அங்கே வள்ளுவர் கருத்து. வழக்கம்போல் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, “மன்னன் தானே நல்ல நூல்களைப் படித்துத் திருந்திக்கொள்ளக் கூடாதா ஐயா?” என்று கேட்டான். அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

விடை பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் தன்வரலாற்றில் இருந்தது. இன்றைய தன்முன்னேற்ற நூல்களுக்கெல்லாம் பாட்டன் முறை கொண்டாடத்தக்க நூல் அது. ஒழுக்கத்தில் குறையற்றவராக விரும்பிய அவர் பண்புகளைப் பட்டியலிட்டு, சிறு குறிப்பேட்டில் கட்டம் போட்டு, தவறிய நாளெல்லாம் ஒரு கரும்புள்ளி வைத்தார். வாரம் ஒரு பண்பு. பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. ஆனால் முதலில் அவர் எழுதியவை பன்னிரண்டு பண்புகளே. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், உன்னைப் பலரும் செருக்குடையவனென்று கருதுகிறார்கள் என்று சான்றுகளோடு எடுத்துக் காட்டிய பிறகுதான் பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. அத்தனை கூர்மையாகத் தன்னை அளந்தவருக்கும் தன் செருக்கு மட்டும் கண்ணில் படவில்லை. பணிவின் தோற்றத்தைத்தான் ஓரளவு அடைந்தேன், பணிவையே அடைந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்று அவரே பின்னர் ஒப்புக்கொள்கிறார்.

நான் அடைந்திருந்ததும் கேட்பதன் தோற்றத்தைத்தான். கோவேயும் இதைச் சொல்லாமல் விடவில்லை. குணத்தில் வேரூன்றாமல் பழகும் உத்திகள் நிலைக்கா என்பதே அவர் நூலின் தொடக்க வாதம். அந்தப் பக்கங்களில் கோடுகூட இட்டிருக்கிறேன். நூல் கண்ணாடியைப் போன்றது. அதன்முன் நமக்கு உகந்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க நம்மால் முடியும். இடித்துரைப்பவர் முன் அது முடியாது. மாணவனுக்கு அடுத்த வகுப்பில் இதையே சொன்னேன். என் கதையை மட்டும் சொல்லவில்லை.

அந்த வாரமே அட்டவணையைத் திருத்தினேன். நான்கு கடைசி வகுப்புகளில் மூன்றை நானே எடுத்துக்கொண்டேன். செலவானது அரை மணி நேரமும் என் மாலை நடையும்தான். அத்தனை சிறிய செயலை நிறைவேற்றாமல்தான் மூன்று முறை ‘நன்றாகக் கேட்டிருந்தேன்’. அம்மையாரிடம் புதிய தாளைக் கொடுத்தபோது நன்றி என்றார். அதைச் சொல்ல வேண்டியவன் நான். சொல்ல நா எழவில்லை. அடுத்த கல்வியாண்டில் அவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்.

தன்முன்னேற்ற நூல்களை இப்போதும் வாசிக்கிறேன், இளக்காரமின்றி. துறைக் கூட்டம் முடியும்போது, போன மாதம் நான் செய்வதாகச் சொல்லிச் செய்யாமல் விட்டது எது என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். முதல் சில மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது சொல்கிறார்கள். கேட்கும்போது முகம் சுருங்கத்தான் செய்கிறது. குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன்.