இழை அறுந்தால் நிற்கும்

சீருடை அணிந்த பெண், ஓடிக்கொண்டிருக்கும் தறியின் பின்பக்கம் போய் நிற்கிறார். இறுக்கிக் கட்டிய பாவு, வெள்ளை வெளேரென்று ஒரே பரப்பாகத் தெரிகிறது. அதிலிருந்து ஒற்றை இழையை விரல் நுனியால் பிரித்தெடுத்து அறுத்துவிடுகிறார். தறி சட்டென்று நிற்கிறது. விசையை யாரும் தொடவில்லை.

சுற்றி நின்ற பள்ளிப் பிள்ளைகள் குனிந்து பார்க்கிறார்கள். நிறுத்தியது யார் என்று அவர்கள் தேடுவது தெரிகிறது. பெண் ஒன்றும் சொல்லாமல் சுட்டிக்காட்டுகிறார். பாவு இழைகள் ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய உலோகத் தகடு தொங்குகிறது. இழை விறைப்பாக இருக்கும்வரை தகடு மேலே நிற்கும். இழை அறுந்தால் தகடு விழும். அதன் அடியில் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கும் பல்வரிசையில் அது போய்ச் சிக்கும். அசைவு தடைபட்டதும் தறிக்குப் போகும் ஓட்டம் துண்டிக்கப்படும். இவ்வளவுதான். கணினி இல்லை, சென்சார் இல்லை. விழுகிற பொருள் விழும் என்ற நம்பிக்கை ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

இது 1924-இல் உருவான ஜி வகைத் தானியங்கித் தறி. இடம், ஜப்பானின் நகோயா நகரில் டொயோட்டா குழுமம் நடத்தும் தொழில்நுட்ப அருங்காட்சியகம். சகிச்சி டொயோடா தறி ஆராய்ச்சிக்காக 1911-இல் நெசவாலை அமைத்த அதே இடத்தில், செங்கல் சுவர்களைக் காப்பாற்றி வைத்து, 1994-இல் இதைத் திறந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கும் இயந்திரங்கள் இங்கே குறைவு. பெரும்பாலானவை ஓடுகின்றன. எண்ணெய் வாசனை வருகிறது, பஞ்சுத் தூசு பறக்கிறது, நாடா அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்பதில்லை. ஓர் இயந்திரத்துக்குச் செய்யக்கூடிய மரியாதை அதை ஓடவிடுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பெண் அறுந்த இரண்டு நுனிகளையும் எடுத்து முடிச்சுப் போடுகிறார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒருமுறை உரசின மாதிரிதான் தெரிந்தது. அதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது. கைப்பிடியைத் தள்ள, தறி மறுபடியும் ஓடுகிறது. இந்தத் தறி நெய்யும்; ஊடை தீர்ந்துபோகும் நேரம் வந்தால் ஓட்டத்தை நிறுத்தாமலே புது நாடாவைத் தானாக உள்ளே தள்ளிக்கொள்ளும்; இழை அறுந்தால் நிற்கும். முடிச்சு மட்டும் அதற்குப் போடத் தெரியாது. அதற்கு ஆள் வரவேண்டும். ஆனால் ஒவ்வொரு தறிக்கும் ஒருவர் காவல் இருக்க வேண்டியதில்லை என்பதால், 30-க்கும் மேற்பட்ட தறிகளை ஒரே ஆள் பார்த்துக்கொள்ள முடிந்தது.

சகிச்சி தச்சரின் மகன், 1867-இல் பிறந்தவர். வீட்டில் அம்மா தறியில் உட்கார்ந்து நெய்வதைப் பார்த்து வளர்ந்தவர். 1890-இல் அவர் செய்த முதல் தறி முழுக்க மரம். இரண்டு கையால் செய்த வேலையை ஒரு கையால் செய்ய வைத்தது. அதன் மாதிரியும் அரங்கின் தொடக்கத்தில் இருக்கிறது. மூட்டுகள் எல்லாம் தச்சு வேலை. அங்கிருந்து ஜி வகைக்கு வர முப்பத்துநான்கு ஆண்டுகள். வேகம் கூட்டுவதற்காக மட்டும் இத்தனை காலம் ஆகவில்லை. தறியில் உட்காருகிறவர் வெறுமனே நாடாவை வீசுபவர் அல்லர். இழை அறுந்தது கண்ணில் படுமுன்பே கைக்கும் காலுக்கும் தெரிந்துவிடும், மிதி நின்றுவிடும். வீசும் கையை இயந்திரமாக்கியவர்கள் உலகில் பலர். நிறுத்தும் காலை இயந்திரமாக்க இத்தனை பாடுபட்டவர்கள் சிலர்தான். சகிச்சியின் மேதைமை இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் இந்தத் தறியின் காப்புரிமையை 1,00,000 பவுண்டுக்கு வாங்கியது. நெசவு இயந்திரங்களை உலகத்துக்கே விற்ற நிறுவனம் அது. சகிச்சியின் மகன் கீச்சிரோ கார் பக்கம் போனார். 1933-இல் தறித் தொழிற்சாலைக்குள்ளேயே கார் பிரிவு தொடங்கியது. 1937-இல் அது தனி நிறுவனம் ஆனது. அடுத்த அரங்கு அந்தக் கதைக்கானது.

அங்கே போனதும் சத்தத்தின் தன்மை மாறுகிறது. வெல்டிங் ரோபோ ஒன்று, கார் உடலின் எலும்புக்கூட்டை நோக்கிக் கையை நீட்டுகிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஆறு மூட்டுகள். வேகமாக வந்து, நெருங்கும்போது தணிந்து, இரண்டு செம்பு முனைகளால் தகட்டை இரு பக்கமும் கவ்வுகிறது. உண்மையான ஆலையில் அந்தக் கண நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். தகடுகள் அந்த ஒரு புள்ளியில் உருகி ஒன்றாகும். ஒரு காருக்கு இப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகள்.

பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். முதியவர் ஒருவர் மட்டும் நிற்கிறார். கைகளைப் பின்னால் கட்டியிருக்கிறார். ரோபோவின் மணிக்கட்டு திரும்பும் ஒவ்வொரு முறையும், பின்னால் கட்டிய அவருடைய வலக்கை லேசாகத் திரும்புகிறது. அவருக்கே அது தெரியுமா என்று சொல்ல முடியவில்லை. வெல்டிங் வேலை பார்த்தவராக இருக்கலாம். நான் கேட்கவில்லை.

ரோபோவின் கை யாருடைய கை என்ற கேள்விக்குப் பதில் அவருடைய மணிக்கட்டில் இருந்தது. அதே பதில் வேறோர் ரோபோவின் கதையிலும் இருக்கிறது. 1960-களின் பிற்பாதியில், நார்வேயின் பிரினே என்ற ஊரில், டிரால்ஃபா என்ற நிறுவனம் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டிகள் செய்துகொண்டிருந்தது. பெயின்ட் அடிக்கும் அறையில் நெடி தாங்காமல் வேலைக்கு ஆள் கிடைப்பது பெரும்பாடு. அதற்காக ஓலே மோலாக் என்ற பொறியாளர் ஒரு ரோபோவை வடிவமைத்தார். அதற்கு வேலை கற்றுக்கொடுத்த முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. தேர்ந்த பெயின்டர் ஒருவர் ரோபோவின் கையைப் பிடித்து, தான் அடிக்கிற மாதிரியே வண்டியின் மேல் ஒருமுறை அடித்துக் காட்டுவார். எங்கே சாய்க்கிறார், எங்கே வேகமெடுக்கிறார், மூலையில் எப்படி வளைக்கிறார் என்று அத்தனையும் டேப்பில் பதிந்துவிடும். பிறகு ரோபோ அதையே திரும்பத் திரும்பச் செய்யும். அவர் கை வளைந்த இடத்தில் அதுவும் வளையும். அவர் ஓர் இடத்தில் தவறியிருந்தால், அதே தவறு அடுத்தடுத்த வண்டிகளிலும் இருக்கும்.

இன்று கணினித் திரையிலேயே பாதை வரைகிறார்கள். ஆலையில் கையடக்கக் கருவியால் ஒவ்வொரு புள்ளியாக நகர்த்திப் பதிய வைப்பதும் உண்டு. எப்படியானாலும், எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் போனால் வேலை சுத்தமாக வரும் என்று முன்பே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் வேலையைவிட்டுப் போனபின், அடுத்தவர் எங்கே கற்றுக்கொள்வார்?

இந்தக் கேள்வியை டொயோட்டாவுக்குள்ளேயே ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டார். மிட்சுரு கவாய், நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியில் படித்து 1966-இல் வேலையில் சேர்ந்தவர். பல்கலைக்கழகம் போகாதவர். பட்டறைப் பிரிவில், காய்ச்சிய இரும்போடு வளர்ந்தவர். தானியங்கி இயந்திரங்கள் வந்தபின் சேர்ந்த இளைஞர்கள் பொத்தானை அழுத்துகிறார்கள், பொருள் வெளியே வருகிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை என்பது அவரை உறுத்தியது. நிறுவனத்தின் ஆலைகளில் கையால் வேலை செய்யும் பகுதிகளை அவர் மறுபடியும் அமைத்தார். 2014-இல் இது வெளியுலகத்துக்குத் தெரியவந்தபோது ஜப்பான் முழுக்க அப்படிச் சுமார் நூறு இடங்கள் இருந்தன. இயந்திரம் செய்துகொண்டிருந்த கிராங்க்ஷாஃப்டை, இளைஞர்கள் செந்தணலாய்க் காய்ந்த இரும்பைத் திருப்பித் திருப்பி அடித்துக் கையால் செய்து பழகினார்கள். இரும்பு எங்கே வழிகிறது, எந்த அடி வீண் என்று கைக்குத் தெரிந்தபின், அதே அறிவோடு தானியங்கி வரிசைக்குத் திரும்பிப் போய் அதை மாற்றி அமைத்தார்கள். வரிசையின் நீளம் வெகுவாகக் குறைந்தது, கழிவும் குறைந்தது. 2017-இல் கவாய் நிறுவனத்தின் நிர்வாகத் துணைத் தலைவர்களில் ஒருவரானார். பட்டறையில் தொடங்கியவர் அந்தப் பதவிக்கு வந்தது எனக்குச் சொந்தக்காரர் ஒருவர் உயர்ந்ததைப் போல மகிழ்ச்சி தந்தது.

உலோக வேலைப் பகுதியில் அடுத்த செயல்விளக்கத்துக்கு மணி அடிக்கிறது. பிள்ளைகள் ஓடி வந்து கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். முதியவரும் வந்து சேர்கிறார். கண் கவசம் போட்ட ஊழியர் குறடால் ஓர் இரும்புத் துண்டை உலையிலிருந்து எடுக்கிறார். ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறம். அருகில் வெப்பமானி இருக்கிறது. ஆனாலும் அவர் துண்டை ஒரு கணம் கண்ணெதிரே திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அச்சில் வைக்கிறார். ஓர் அடி. தரை அதிர்கிறது. செதிலாய்க் கருமை உதிர்கிறது. அடுத்த குழிக்கு மாற்றி இன்னோர் அடி. கட்டையாக இருந்தது, இடுப்பு சிறுத்து, இரண்டு முனையிலும் வட்டம் விரிந்து, கனெக்டிங் ராடாகிவிட்டது. பிஸ்டன் மேலும் கீழும் போகும் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றித் தருவது இந்தத் தண்டுதான்.

முன்பே அடித்து ஆறவைத்த ஒன்றை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுக்கிறார். கைமாறிக்கொண்டே போகிறது. எடையைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள். கடைசியாக வாங்கிய சிறுமி விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் இரும்பு வழிந்து நின்ற பிசிறைக் கண்டுபிடித்து அவரிடம் காட்டுகிறாள். அவர் பலமாகத் தலையசைத்து, அதைக் கையில் வாங்கி, பிசிறு வெட்டும் அச்சு இருக்கும் பக்கம் அவளை அழைத்துக்கொண்டு போகிறார்.