சளியும் ரத்தமும் நம்முடையவை. முடிவும் நமக்கு வேண்டும்



வெளிநாட்டுப் பணத்தில் நோய் ஆராய்ச்சி என்றால் நம் காலனிகளில் இரண்டு பேச்சு எழும். ஒன்று, 'நம்ம பிள்ளைகளைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறான்'. இன்னொன்று, 'பெரிய டாக்டர் சொல்றார், கையெழுத்தைப் போடு'. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மாலை வகுப்பு எடுக்கவும் மனு எழுதவும் வீடு வீடாகப் போகிற நாங்கள் இரண்டையும் கேட்டிருக்கிறோம். இரண்டிலுமே நட்டம் நம் பிள்ளைகளுக்குத்தான்.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2009-10-ல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் ஒரு பன்னாட்டு அமைப்பு கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வை நடத்தியது. பழங்குடி மாணவியர் பலருக்கு, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது.

ஆனால் ஆராய்ச்சியே வேண்டாம் என்று ஒதுங்கினாலும் பிள்ளைகள்தான் சாகிறார்கள். காச நோய் வந்த சின்னக் குழந்தைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது. சளி கிடைத்தாலும் அதில் கிருமி குறைவு. எச்ஐவி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் தாயின் எதிர்ப்புப் பொருள் 18 மாதம் வரைகூட இருக்கும். அதனால் சாதாரணப் பரிசோதனை ஏமாற்றிவிடும். குதிகாலில் எடுத்த ரத்தத்துளியை அட்டையில் உலர்த்தி, கிருமியின் மரபணுவையே தேடும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இவற்றுக்கெல்லாம் தனி ஆராய்ச்சி தேவைப்பட்டது. 'குழந்தைகளைப் பாதுகாக்கிறோம்' என்று சொல்லி மருந்து ஆய்வுகளில் அவர்களைச் சேர்க்காமல் விட்டதால், பெரியவர் மாத்திரையை உடைத்துக் குத்துமதிப்பாகக் கொடுக்கும் நிலை நீண்ட காலம் இருந்தது. தண்ணீரில் கரையும், பழச்சுவை உள்ள காச நோய் மாத்திரை 2015 கடைசியில்தான் வந்தது.

பிள்ளைகளைச் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 'ஷைன்' ஆய்வு சாட்சி. உகாண்டா, சாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 1,204 குழந்தைகள் பங்கேற்றார்கள். அவர்களில் 127 பேர் எச்ஐவியோடு வாழ்பவர்கள். இந்தியாவில் சென்னையும் புனேயும் இடம்பெற்றன. நோய் முற்றாத குழந்தைகளுக்கு ஆறு மாத மருந்து வேண்டாம், நான்கு மாதமே போதும் என்று தெரிந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. இரண்டு மாத மருந்து மிச்சம் என்பது, கூலிக்குப் போகும் ஒரு தாய்க்கு எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சென்னைக்கு இது புதிதல்ல. 1956-ல் அங்கே தொடங்கிய காச நோய் மருத்துவ மையம் ஏழை நோயாளிகளிடம் நடத்திய ஆய்வுதான், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்துக்கு இணையாகக் குணமாகும் என்று உலகுக்குக் காட்டியது. ஏழைகளின் உடம்பிலிருந்து வந்த அறிவு அது.

நம் ஊருக்கு வருவோம். ஜிப்மரும் அமெரிக்காவின் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, இரு நாட்டு அரசுகளின் நிதியில், 2014 முதல் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் நோயாளிகளையும் அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களையும் ஆய்வில் சேர்த்தார்கள். ஊட்டச்சத்துக் குறைவு, குடி, சர்க்கரை நோய் மூன்றும் காச நோயாளிகளிடம் மிகுந்திருப்பதை அவர்களின் கட்டுரை சொன்னது. ஜார்க்கண்டில் நடந்த இன்னொரு ஆய்வு, 2023-ல், நோயாளி வீட்டாருக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தால் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. அரசு நோயாளிக்குத் தரும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பரில் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. அதே பானையில் சாப்பிடும் பிள்ளைகளுக்கு?

நிலமில்லாமை, கூலி, ஒற்றை அறை வீடு, அரைவயிறு. இதற்கெல்லாம் நம் நாட்டில் ஒரு பொதுப்பெயர் உண்டு. அந்தப் பெயர் ஆய்வு அட்டவணையிலும் ஒரு பத்தியாக வரவேண்டும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல். ஒப்புதல் படிவம் நம் பேச்சுத் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். எச்ஐவி உள்ள பிள்ளையின் நிலையை, நம்பிக்கையில் அறிந்தவர் தெருவுக்குச் சொல்வதை 2017 சட்டம் தடுக்கிறது. ஆய்வுக்காரர் வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்பதிலும் அந்தக் கவனம் வேண்டும். ஆய்வு முடிந்ததும் முடிவைக் காலனிக்கே வந்து சொல்ல வேண்டும். பயன் தந்த பரிசோதனையும் மருந்தும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தங்க வேண்டும்.

மாணவர்களே, ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் பொதுமக்களில் ஒருவர் உட்கார வேண்டும் என்பது விதி. அந்த நாற்காலியில் நம்மில் ஒருவர் உட்காரட்டும். ஆய்வகத்தில் நுண்ணோக்கி பார்க்கும் கண்ணும் நம் காலனியிலிருந்து போகட்டும். நுண்ணுயிரியல், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்க விரும்புகிற பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், விண்ணப்பம் நிரப்ப இந்த வாரமே போய் உதவுங்கள்.

ஜெய்பீம்.