விளக்கு எரிந்தால் போதுமா?

பணி ஓய்வுக்குப் பிறகு, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து வருகிறேன். என்னிடம் இருப்பது லினக்ஸ் ஏற்றிய பழைய கணினி. ஒருநாள் புதிய யுஎஸ்பி ஹெட்செட்டைச் செருகினேன், சத்தமே வரவில்லை.

டிரைவர்தான் கோளாறு என்று நானாக முடிவு கட்டினேன். சிஸ்டத்தையே அழித்துப் புதிதாக ஏற்றினேன். இரண்டு நாள் போயிற்று. ஹெட்செட் வாய் திறக்கவில்லை. உண்மையில், பெரும்பாலான யுஎஸ்பி ஒலிக் கருவிகளுக்குத் தனி டிரைவரே வேண்டாம். ஒலியைக் கையாளும் அல்சா என்ற மென்பொருள், 2003 இறுதியில் வெளிவந்த 2.6 பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலின் அங்கமாகவே இருக்கிறது. மூன்றாம் நாள் சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். ஒலியெல்லாம் எச்டிஎம்ஐ வழியாக, ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அவுட்புட்டை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்னவன் தண்டனையையும் தானே அனுபவிக்க வேண்டியதுதான்.

பின்னொரு நாள் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு யுஎஸ்பி மைக்கோடு வந்தான். "லைட் எரியுது தாத்தா, ஆனா ரெக்கார்ட் ஆகல. வேற வாங்கிடவா?" என்றான். டெர்மினலில், இணைந்திருக்கும் யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையைக் கொடுத்தோம். பட்டியலில் மைக்கின் பெயரே இல்லை. கேபிளை மாற்றிச் செருகினோம், பெயர் வந்தது. பழையது சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் கேபிள். மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் அதில் இருந்தன. தகவலுக்கான இரண்டும் இல்லை. விளக்கு எரிவதாலேயே வீட்டில் ஆள் இருப்பதாக ஆகிவிடாது.

இப்போது எனக்கென்று ஒரு வரிசை உண்டு. கருவியைக் கணினி பார்க்கிறதா என்று எல்எஸ்யுஎஸ்பியைக் கேட்பேன். ஒலி கேட்கும் கருவி என்றால், அதை ஒலி அட்டையாக ஏற்றுக்கொண்டதா என்று ஏபிளே கட்டளையின் பட்டியலில் பார்ப்பேன். அல்சாமிக்சரில் எஃப்6 அழுத்தி அந்த அட்டையைத் தேர்வு செய்து, ஒலியளவுப் பட்டையின் அடியில் 'எம்எம்' இருக்கிறதா என்று கவனிப்பேன். இருந்தால் மியூட் என்று பொருள், 'எம்' விசையைத் தட்டினால் விலகும். கடைசியாக, ஒலி எந்த வழியே போகிறது என்று பார்ப்பேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவேன். இரண்டைச் சேர்த்து மாற்றினால், எது தீர்த்தது என்று தெரியாமலே போகும்.

பொறுமை என்றால் கைகட்டிக் காத்திருப்பது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அடுத்த கேள்வியை அதன் முறை வரும்வரை கேட்காமலிருப்பதும் பொறுமைதான். அந்தப் பையன் வேறு மைக் வாங்கவில்லை; பழைய கேபிளில் மட்டும் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, 'சார்ஜுக்கு' என்று எழுதி வைத்தான்.