குளிரில் துள்ளாத பந்து

எங்க ஊர் கரிசல்காட்டில் பந்து போனால் சீமைக்கருவேல முள்ளுக்குள்தான் தேடணும். தம்பி பந்தைத் தொலைத்தேன். இரண்டு நாள் பேசவில்லை.

அறிவியல் சாரிடம் சொன்னேன். “இங்கிலாந்தில் 2000-லேயே சிப் வைத்த கோல்ஃப் பந்து வந்தாச்சு. பேட்டரி கிடையாது, பக்கத்தில் இருக்கும் கருவியின் ரேடியோ அலையிலேயே சிப் இயங்கும். முள்காட்டில் தேட உதவாது” என்றார்.

“ஊட்டியிலும் கோல்ஃப் மைதானம் இருக்கே, அந்தக் குளிரில் சிப் கெடாதா சார்?”

“சிப்புக்கு ஒன்றும் ஆகாது. ரப்பர்தான் விறைக்கும், பந்து துள்ளாது.”

நம்பவில்லை. புது ரப்பர் பந்து வாங்கி, ஃப்ரீசரில் இரவு முழுக்க வைத்தேன். காலையில் தோள் உயரத்திலிருந்து போட்டால் முழங்கால்கூட எட்டவில்லை! எட்டயபுரம் வெயிலில் வைத்ததும் பழையபடி துள்ளியது. பார்த்த தம்பி சிரித்துவிட்டான். பந்து இப்போ அவனுக்குத்தான்.

நண்பர்களே, நீங்களும் செய்து பாருங்கள்!