ஒன்பதடிக் கோப்பைக்கு வரும் வண்டிகள்



ஒரே கம்பெனியில் ஒரே வருடம் பிறந்த இரண்டு கார்கள். இரண்டும் கறுப்பு. கதவுக்குக் கண்ணாடி கிடையாது, சக்கரத்துக்கு மேலே மட்கார்டு கிடையாது. குனிந்து பார்த்தாலும் அடியில் படுத்துப் பார்த்தாலும் ஒரு பிசிறு அகப்படாது. இதில் எது உசத்தி? இங்கே தெற்குக் கலிஃபோர்னியாவில் போமோனா என்ற ஊரில், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ கூடுகிற நடுவர்கள் வருடா வருடம் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

கண்காட்சியின் பெயர் கிராண்ட் நேஷனல் ரோட்ஸ்டர் ஷோ. ரோட்ஸ்டர் என்றால் கூரையில்லாத கார். ஓக்லண்ட் நகரத்தில் தொடங்கியது, 2004 முதல் போமோனாவில் நடக்கிறது. 'அமெரிக்காவின் மிக அழகான ரோட்ஸ்டர்' என்ற பட்டத்தை 1950 முதல் கொடுத்துவருகிறார்கள். அதற்கான கோப்பை ஒன்பது அடி உயரம். ஜெயித்தவர் வீட்டுக்கு எடுத்துப்போகப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கோப்பை வேண்டும், அவ்வளவு பெரியது. போட்டிக்கு வரும் வண்டி பழைய அமெரிக்க மாடலாக இருக்க வேண்டும், தானாகவே ஸ்டார்ட் ஆகி ஓட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை யார் சேர்த்தார்களோ, அவர் கைக்கு ஒரு மோதிரம் போடலாம்.

இந்த மாதிரி வண்டிகளுக்குப் பொதுப்பெயர் ஹாட் ராட். ஹாட் ராட் என்றால் நம் பக்கத்தில் தீப்பிழம்பு வரைந்த, பெரிய சத்தம் போடுகிற விளம்பர வண்டி என்றுதான் எண்ணம். தொடக்கத்தில் அது காசில்லாத பையன்களின் சமாச்சாரம். 1932-இல் ஃபோர்டு கம்பெனி சாதாரண ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் வி-8 இன்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தது. 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி. சில வருடங்களில் அந்த வண்டிகள் பழசாகி, நம் புதுப்பேட்டைபோல வண்டியைப் பிரித்துப் போடுகிற கொல்லைகளுக்கு வந்து சேர்ந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் பையன்கள் அவற்றை வாங்கி, எடை குறையட்டும் என்று மட்கார்டையும் பம்பரையும் கழற்றி எறிந்து, மலைக்கு அந்தப்பக்கம் மொஹாவி பாலைவனத்தில் காய்ந்து கிடக்கும் ஏரிகளுக்கு ஓட்டிப்போனார்கள். மியூராக், எல் மிராஜ் என்பவை அந்த ஏரிகளின் பெயர்கள். தரை மேசைபோலத் தட்டை. யார் எவ்வளவு வேகம் என்று நேரம் பார்த்து எழுதிக்கொள்ள 1937-இல் ஒரு சங்கமே ஏற்பட்டது. மியூராக் பின்னால் விமானப்படைக்குப் போய்விட்டது. எல் மிராஜில் இன்றும் ஓடுகிறார்கள்.

ரோட்ஸ்டரை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அழகு அல்ல. கூரையும் கண்ணாடியும் இல்லாததால் எடை குறைவு, அவ்வளவுதான். இன்று நாம் அழகு என்று சொல்வதில் பாதி இப்படி வந்ததுதான். முன் டயர் சிறிசு, பின் டயர் பெரிசு, அதனால் வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது. இதைப் பார்த்து இன்று மயங்காதவர் இல்லை. பெரிய பின் டயர் போட்டால் அதே இன்ஜின் சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகும், உச்ச வேகம் ஏறும். முன்னால் சிறிய டயரும் வளைத்து இறக்கிய ஆக்ஸிலும் போட்டால் காற்று தடுப்பது குறையும். பின்னால் வந்தவர்கள் இந்த நிற்பைக் கணக்குப் பார்க்காமலே காப்பியடித்தார்கள். கண்ணுக்கு அது பழகி, பிறகு பிடித்தும்போனது.

முதல் வருடம் அந்தக் கோப்பையை வாங்கியவர் பில் நீகாம்ப். 1929 ஃபோர்டு பாடியை எஸ்ஸெக்ஸ் கம்பெனியின் சேசிஸ் மேல் உட்காரவைத்து, முன்மூக்கையும் அடியில் காற்று வழுக்கிப்போகும் தகட்டையும் வைட்டி கிளேட்டன் என்ற தகட்டுவேலைக்காரரிடம் கையால் தட்டி வாங்கினார். நீல நிறம். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்தது, கோப்பை வாங்கிய பிறகு அவர் செய்த காரியம். 1952-இல் அதே வண்டியை எல் மிராஜுக்கு ஓட்டிப்போய் மணிக்கு 142 மைல் ஓட்டினார். நம் கணக்கில் சுமார் 228 கிலோமீட்டர். ஒன்பதடிக் கோப்பையில் பெயர் பொறித்த வண்டி, இரண்டு வருடம் கழித்து ஏரிப் புழுதியில் குளித்து நின்றிருக்கிறது. அடித்தகடு வழவழப்பாக இருப்பதற்கு அந்த ஓட்டம்தான் காரணம் சொல்கிறது. 1970 வாக்கில் ஜிம் ஜேக்கப்ஸ் என்பவர் இதைத் தேடி வாங்கி, பழைய நிலைக்கே திருப்பினார். ஹாட் ராடைப் புதுமாதிரியாக மாற்றாமல், இருந்தபடியே மீட்டெடுக்கலாம் என்ற எண்ணம் அன்றைக்குப் பலருக்குப் புதிது.

அதே கோப்பையை 1958-இலும் 59-இலும் தொடர்ந்து ஜெயித்தது ஆலா கார்ட் என்ற வண்டி. ஜார்ஜ் பாரிஸ் பட்டறை வேலை. முத்து வெள்ளை பெயிண்ட், எங்கு பார்த்தாலும் குரோம். எட்டே வருடத்தில் ஏரி எங்கோ போய்விட்டது. வேலைத்திறனில் நீகாம்ப் வண்டியை ஆலா கார்ட் தூக்கிச் சாப்பிட்டுவிடும், சந்தேகமில்லை. ஆனால் அதன் எந்த உறுப்பைக் காட்டி 'இது எதற்கு' என்று கேட்டாலும், 'பார்ப்பதற்கு' என்ற ஒரே பதில்தான் வரும்.

இரண்டு உசத்தியான வண்டிகளை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வியும் அதுதான். நடுவர்கள் கதவுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி சீராக இருக்கிறதா, தகட்டில் பட்டி எவ்வளவு, ஒயர் ஓடும் பாதை ஒழுங்கா என்று மார்க் போடுவார்கள். போடட்டும். இந்தத் தரத்தில் அதிலெல்லாம் யாரும் தோற்பதில்லை. பட்டியே இல்லாமல், அரத்தால் ராவி, தகட்டை வெறும் தகடாகவே சமப்படுத்துகிற டிங்கர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் வேலையைப் பெயிண்ட் அடிக்குமுன் பார்த்தால் பெயிண்டே வேண்டாம் என்றிருக்கும்.

'பதில் சொல்லும் வண்டி' என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் டோன் ஸ்பென்சரின் கறுப்பு 1932 ஃபோர்டைக் காட்டுவேன். அந்த வருட ஃபோர்டுக்கு இங்கே செல்லப்பெயர் டியூஸ். சீட்டுக்கட்டில் இரண்டாம் நம்பர் சீட்டின் பெயர். ஸ்பென்சர் 1940-களில் நண்பரிடமிருந்து அந்த வண்டியை வாங்கினார். 1947-இல் பாஸடேனாவில் நடந்த ஓட்டத்தில் அழகான ரோட்ஸ்டர் என்ற பரிசும் வாங்கியாயிற்று. பிறகு அவருக்கு மெக்ஸிகோவை வடக்கு தெற்காகக் குறுக்கே ஓடும் கரேரா பனமெரிகானா பந்தயத்தில் இறங்க ஆசை. அழகுப் பரிசு வாங்கிய வண்டியைப் பிரித்துப் போட்டார். மெக்ஸிகோ சாலையில் அடி தட்டக்கூடாது என்று புகைக்குழாயைக் கீழே தொங்கவிடாமல் சேசிஸின் ஊடாகக் கொண்டுபோனார். மலை இறக்கத்துக்குத் தாங்க வேண்டுமென்று லிங்கன் காரின் பெரிய பிரேக்கைப் பொருத்தினார். பந்தயம் 1954-க்குப் பிறகு நின்றுபோய்விட்டது, வண்டி அங்கே ஓடவே இல்லை. ஆனாலும் அதன் தோற்றம் முழுக்க அந்த ஓடாத ஓட்டம் போட்ட தோற்றம். கை மாறி மாறி, கடைசியில் சோ-கால் ஸ்பீட் ஷாப் பட்டறையில் மீட்டெடுக்கப்பட்டு, 1997-இல் பெபிள் பீச் பழைய கார் கண்காட்சியில் முதன்முதலாக ஹாட் ராடுகளுக்கென்று ஒரு பிரிவு வைத்தபோது முதல் பரிசு இதற்குத்தான். புகாட்டியும் ரோல்ஸ் ராய்ஸும் நிற்கிற புல்தரை அது. ஒரு காலத்தில் போலீஸ் துரத்திய சாதி வண்டிக்கு அங்கே இடம் கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது.

ஸ்பென்சர் வண்டியின் முகம் என்றால் அதன் முன்கண்ணாடி. நடுவில் மடிந்து, பின்னால் சாய்ந்து, இரண்டு துண்டாக நிற்கும். ஜார்ஜ் டுவால் என்பவர் 1930-களில் ஒரு குரோம் பூச்சுக் கம்பெனியின் டெலிவரி வண்டிக்காக வடிவமைத்தது. கம்பெனிக்கு அது நடமாடும் விளம்பரம். ஸ்பென்சர் வண்டிக்குப் பிறகு அந்தக் கண்ணாடியின் நகல்கள் இன்றுவரை தயாராகின்றன. போமோனாவில் வரிசையாக நடந்தால் அதே கண்ணாடியைப் பலமுறை பார்க்கலாம். சில வண்டிகளில் அருமையாகப் பொருந்துகிறது. சிலவற்றில் 'எனக்கும் ஸ்பென்சரைத் தெரியும்' என்று சொல்லிக்கொள்ளவே வைத்த மாதிரி இருக்கிறது.

இப்போது கட்டப்படும் வண்டிகளுக்கு வருகிறேன். 1980-களில் பாய்ட் காடிங்டன் போன்ற பட்டறைக்காரர்கள் எல்லாவற்றையும் வழவழவென்று ஆக்கி, கைப்பிடியை எடுத்து, அலுமினியக் கட்டியில் கடைந்த சக்கரம் போட்டு, ஒரு தலைமுறையையே அந்தப் பக்கம் இழுத்தார்கள். அதற்கு எதிர்ப்பாகத் திரும்பி வந்ததுதான் இன்றைய 'டிரெடிஷனல்' மோகம். இதன் சட்டம் எளிது. ஒரு வருடத்தை மனதில் வைத்துக்கொள், 1948 என்று வைத்துக்கொண்டால் அதற்குப் பின்னால் வந்த எதுவும் வண்டியில் கண்ணில் படக்கூடாது. அப்படியென்றால் பிளாட்ஹெட் என்று பெயர்பெற்ற அந்தப் பழைய ஃபோர்டு வி-8 இன்ஜின், அதன் மேல் ஸ்ட்ராம்பர்க் 97 கார்பரேட்டர் இரண்டோ மூன்றோ, 1939 ஃபோர்டு கியர்பாக்ஸ், வளைந்த கண்ணாடி போட்ட ஸ்டூவர்ட் வார்னர் மீட்டர்கள். 97 என்ற எண் கார்பரேட்டரின் கழுத்து 0.97 அங்குலம் என்பதால் வந்தது. பிளாட்ஹெட்டில் ஒரு தொந்தரவு உண்டு. புகை வெளியேறும் வழி இன்ஜின் பிளாக்கின் உள்ளே சுற்றிக்கொண்டு போவதால் தண்ணீர் சூடாகிவிடும். ஒவ்வொரு பக்கத்திலும் நடு சிலிண்டர்கள் இரண்டுக்கும் ஒரே வாசல். நான்கு சிலிண்டருக்கு மூன்று குழாய்தான். அந்த இன்ஜினின் தனிச் சத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம். டிராஃபிக்கில் நின்றால் ரேடியேட்டர் கொதிப்பதும் இதனால்தான். இதைத் தெரிந்தே காசு கொட்டுகிறார்கள்.

பாடியில் இரண்டு சாதி. 'ஹென்றி ஸ்டீல்' என்று பெருமையோடு சொல்வது அந்தக் காலத்தில் ஃபோர்டே அடித்த தகடு. இன்னொன்று ஓஹையோவில் புரூக்வில் என்ற கம்பெனி இன்று புதிதாக அடித்து விற்கும் இரும்பு பாடி. கண்ணை மூடிக்கொண்டு ஹென்றி ஸ்டீல்தான் மேல் என்பவர்களோடு எனக்கு ஒட்டாது. தொண்ணூறு வருடத் துருவை வெட்டி, பாதித் தகட்டை மாற்றிவிட்டு 'ஒரிஜினல்' என்று சொல்வதைவிடப் புதுத் தகடு நேர்மையானது. ஆர்.சி. விஷயத்தில் மட்டும் புதுத் தகட்டுக்குத் தலைவலி. கலிஃபோர்னியாவில் சொந்தமாகக் கட்டிய வண்டிகளில் வருடத்துக்கு முதலில் வரும் 500-க்குத்தான் அது எந்த வருட மாடல் போலிருக்கிறதோ அந்த வருடத்துக்குரிய புகைச் சலுகை. புது வருடம் பிறந்தவுடன் ஆட்கள் அதற்கு ஓடுவார்கள்.

2016-இல் கோப்பை வாங்கியது ஒரு டிரெடிஷனல் டியூஸ். கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், வேலைநேரம் போக மீதி நேரத்தில் நண்பர்களோடு சேர்ந்து கட்டியது. அடுத்த வருடம், 2017-இல், ஹாலிவுட் ஹாட் ராட்ஸ் பட்டறை கட்டிய மல்ஹாலண்ட் ஸ்பீட்ஸ்டர் ஜெயித்தது. 1936 பேக்கர்டை அடிப்படையாக வைத்து, ஏறக்குறைய முழு உருவத்தையும் புதிதாக வளைத்தது. பேக்கர்டு கம்பெனியே இப்படி ஒன்றைச் செய்திருக்கலாமே என்று எண்ணவைக்கும் நீளமும் வளைவும். இரண்டில் என் ஓட்டு பெயிண்ட்காரருக்கு. ஸ்பீட்ஸ்டரைப் பார்த்தால் பிரமிப்பு வருகிறது, டியூஸைப் பார்த்தால் ஓட்டிப்பார்க்கத் தோன்றுகிறது. நடுவர்களின் படிவத்தில் இதற்கு மார்க் இருக்காது என்பது என் ஊகம்.

பளபளப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வண்டிகளில் லாக்கர் பெயிண்ட், மெல்லிய பூச்சு, மினுமினுப்பில் ஓர் அடக்கம் உண்டு. இன்று கிளியர் கோட் மேல் கோட் போட்டு, தேய்த்து, ஆழக் கிணறுபோல் ஆக்கிவிடுகிறார்கள். 1948 என்று சொல்லிக்கொள்ளும் வண்டியில் இதுதான் முதலில் காட்டிக்கொடுக்கிறது. அதற்கு நேர் எதிராக, வேண்டுமென்றே துருவையும் கீறலையும் வரவழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைவிட அந்தக் கிணற்றுப் பளபளப்புக்காரர்கள் எவ்வளவோ தேவலை. அவர்கள் கூடுதலாக உழைத்திருக்கிறார்கள் என்பதாவது உண்மை.

பழைய கியர்பாக்ஸ் கூட்டுக்குள் புது கியரை ஒளித்து வைப்பது, ரேடியேட்டருக்குப் பின்னால் கரண்ட் ஃபேன் மறைப்பது, இதெல்லாம் பொய்யா என்று இங்கே ஓயாத சண்டை. வண்டி சாலைக்குப் போகிறது என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஸ்பென்சரும் கிடைத்ததில் நல்ல பிரேக்கைத்தானே போட்டார். டிரெய்லரில் வந்து டிரெய்லரில் போகிற வண்டிக்கு ஒளித்துவைத்த ஃபேன் எதற்கு?

நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் ஜனவரி கடைசியில் வாருங்கள். கட்டடத்துக்குள் கம்பளம் விரித்து, விளக்குப் போட்டு, கீழே கண்ணாடி வைத்து நிறுத்தியிருப்பார்கள். அதற்கு ஒரு மணிநேரம் போதும். சனி, ஞாயிறு காலைகளில் வெளி மைதானத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் பழைய வண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். அங்கே பெரும்பாலான பானட்டுகள் திறந்திருக்கும், சொந்தக்காரர் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எந்த உறுப்பையாவது காட்டி எதற்கு என்று கேளுங்கள். பதில் முடிய மத்தியானம் ஆகிவிடும், அதனால் காலையிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. உள்ளே விற்கும் சாப்பாடு வாயில் வைக்க விளங்காது.

அன்புடன்,
உங்கள் கலிஃபோர்னியாக்காரன்